பத்து நிமிடத்திற்கு ஒரு பூட்டு

அன்பும் அறிவும், அவ்விரண்டினும் அரிதாகிய கணிப்பொறிப் பொறுமையும் ஒருங்கே வாய்த்த என் அருமை மைத்துனனுக்கு, உன் அத்தான் வரையும் மடல்.

இங்கு நான் நலம். உன் அக்காவும் நலம் என்றே எழுதத் தொடங்கினேன். அவ்வழியே துணி மடித்துக்கொண்டு போனவள் எட்டிப் பார்த்து, "அத என்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எழுதுங்க" என்றதால், அந்த வரியை நிறுத்தி வைத்திருக்கிறேன். அங்கு நீயும் உன் துணைவியும் பிள்ளைகளும் குறைவின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முதுகுவலியைப் பற்றியும் விரிவாகக் கேட்க எண்ணியிருந்தேன். ஆனால் தலைக்கு மேல் வெள்ளம் போய்க்கொண்டிருக்கும்போது கரையில் நிற்பவனின் முதுகை எங்ஙனம் விசாரிப்பது? ஆகவே முன்னுரை வேண்டா. நேரே பொருளுக்கு வருகிறேன். நீ கணிப்பொறியில் செய்து கொடுத்த விரிதாள் என் வீட்டில் தீ வைத்துவிட்டது.

நம் சொல்லரங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திற்கு இன்னும் ஒன்பதே நாள். தளவாடக் கடையின் மேல்மாடியிலுள்ள அதே அரங்கம். பிற்பகல் இரண்டு மணிக்குக் கதவு திறக்கும். மாலை ஆறு மணிக்கு உடற்பயிற்சி வகுப்பினர் பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு படியேறுவார்கள். அரங்கக் காவலர் இரக்கமே அறியாதவர். ஆறு அடித்ததும் மின்பலகையின் முன் நின்று முதலில் மின்விசிறி, பிறகு ஒலிபெருக்கி, பிறகு விளக்கு என்று ஒவ்வொன்றாக அணைப்பார். சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு உன் அக்கா பேச எழுந்தபோது மின்விசிறி நின்றது. சென்ற ஆண்டு அவள் மேடையேறி "அவையோரே" என்றபோது ஒலிபெருக்கி நின்றது. அவள் ஒரு கணம் அதைப் பார்த்தாள். வாயிலில் நெருக்கியடித்து நின்ற பாய்க்காரர்களைப் பார்த்தாள். பிறகு, ஒலிபெருக்கியின் துணையின்றியே, பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருபத்தாறு ஆண்டு பழகிய குரலில், "உடற்பயிற்சிக்கு வந்தவங்க இடப்பக்க வழியா உள்ள வரவும்" என்று அறிவித்துவிட்டு இறங்கிவிட்டாள். அன்றைய கூட்டத்தில் எல்லோர்க்கும் புரிந்த பேச்சு அது ஒன்றுதான் என்று நம் உறுப்பினரான பல் மருத்துவர் இன்றளவும் சொல்லித் திரிகிறார்.

உன் அக்கா ஏன் கடைசியில் பேசுகிறாள் என்று நீ கேட்கலாம். தலைவனின் வீட்டார் பிறரை முந்தி நிற்பது முறையன்று என்பது என் கொள்கை. கொள்கை என்னுடையது, மின்விசிறியும் ஒலிபெருக்கியும் இழந்து நின்றது அவள். இதை நான் இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

இவ்வாண்டு அவள் பணி ஓய்வு பெற்றாள் அல்லவா? கண்ணாடி அறைக்குள்ளிருந்து தான் கண்ட மனிதர்களைப் பற்றிக் 'காத்திருப்போர்' என்னும் தலைப்பில் பேச வேண்டுமென்று எழுதி வைத்திருக்கிறாள். சென்ற மாதமே என்னிடம் வந்து தெளிவாகச் சொன்னாள்: "இருபத்தாறு வருஷம் அடுத்தவங்க கிளம்பற நேரத்தையே சொல்லிக்கிட்டு இருந்தேங்க. எனக்குன்னு பத்து நிமிஷம் கேக்கறேன். ஒம்பது குடுத்தா வேண்டாம். பதினொண்ணு குடுத்தாலும் வேண்டாம். இந்தத் தடவை லைட்டையும் அணைச்சா, இனிமே உங்க கூட்டத்துப் பக்கம் நான் தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்."

மைத்துனா, இருபத்திரண்டு ஆண்டுகளாக முதல் வரிசையின் நடு இருக்கையில் அமர்ந்து, நான் பேசும்போது உறங்காமலிருக்கும் ஒரே உயிர் அவள். அந்த இருக்கை காலியானால் நான் யாரை நோக்கி முழங்குவேன்? நம் செயற்குழு வழக்குரைஞரின் வழுக்கையை நோக்கியா?

ஆகவேதான் உன்னிடம் வந்தேன். நீயும் செய்து கொடுத்தாய். பெயர், தலைப்பு, நிமிடம், தொடக்கம், முடிவு என்று ஐந்து பத்திகள். ஒவ்வொருவரும் தம் கைபேசியிலேயே திறந்து தமக்குரிய வரிசையைத் தாமே எழுதிக்கொள்ளலாம்; நிமிடத்தை இட்டால் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் தாமே கணக்காகி வந்து நிற்கும்; மேலே ஒரு தனிக்கட்டம், ஆறு மணிக்குள் இன்னும் எத்தனை நிமிடம் மீதி என்று காட்டும். இருநூற்று நாற்பது நிமிடமும் கண்ணாடிபோல் தெரிந்தது. நான் கண்கலங்கினேன். ஆனால் மைத்துனா, இதை எண்ணால் வாழ்பவர்களுக்குச் செய்ய வேண்டிய நீ, சொல்லால் வாழ்பவர்களுக்குச் செய்துவிட்டாய்.

முதல் நாள், நிமிடம் என்ற கட்டத்தில் வழக்குரைஞர் 'சுருக்கமாக' என்று எழுதினார். பல் மருத்துவர் 'ரெண்டே நிமிஷம், தெரியவே தெரியாது' என்று எழுதினார்; அது அவர் பல் பிடுங்கும்போது சொல்வது, பழக்கம் விடவில்லை. நம் கவிஞர் இருக்கிறாரே, எங்கே நிறுத்துவது என்று அறியாததால் நாங்கள் 'முற்றுப்புள்ளி' என்று பெயர் சூட்டியிருக்கும் அந்தப் பெருமகனார், 'உணர்ச்சியைப் பொறுத்து' என்று எழுதினார். உடனே அதற்குக் கீழிருந்த தொடக்கமும் முடிவும் எல்லாம் அழிந்து, வேலி அடித்தாற்போல் ஒரு குறியும், அதன் பின்னே ஏதோ வேற்றுமொழிச் சொல்லும், அதன் பின்னே ஒரு வியப்புக்குறியும் வந்து நின்றன. விரிதாளே வியந்துவிட்டது என்றுதான் நான் முதலில் கருதினேன்.

ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து எண் வாங்கினேன். முற்றுப்புள்ளியிடம் எண் வாங்குவதற்கு மட்டும் ஐம்பது நிமிடம் ஆயிற்று. கிடைத்த எண் இருபது. எல்லாம் சரியாயிற்று என்று மூச்சு விடுவதற்குள், வழக்குரைஞர் தமக்கு நான்கு மணிக்குத்தான் வர இயலும் என்று, நிமிடத்தை விட்டுவிட்டுத் தொடக்கம் என்ற கட்டத்திலேயே நேரே '4.00' என்று தட்டிவிட்டார். அந்தக் கட்டத்தின் உள்ளே ஒரு வாய்பாடு குடியிருந்ததாமே? அது செத்துவிட்டது. அதன் பிறகு விரிதாள் சொன்ன நேரத்திற்கும் உலகத்து நேரத்திற்கும் உறவே இல்லாமற்போயிற்று. கூட்டம் ஏழு இருபதுக்கு முடியும் என்று அது சொல்கிறது. காகிதத்தில் கூட்டிப் பார்த்த உன் அக்கா ஐந்து நாற்பது என்கிறாள்.

அன்றுதான் உன்னை முதன்முறை அழைத்தேன். "அத்தான், ஃபார்முலா இருக்கற கட்டத்த மட்டும் பூட்டிட்டு, மத்ததத் திறந்து விடுங்க. அப்புறம் ஷீட்ட ப்ரொடெக்ட் பண்ணுங்க. ரெண்டும் வேற வேற, கேக்கறீங்களா?" என்றாய். கேட்டேன். கேட்டுக்கொண்டே, பூட்டின் மாண்பைப் பற்றி எனக்கு உதித்த ஓர் உவமையை உன்னிடம் சொன்னேன். அந்த உவமை முடிந்தபோது உன் பக்கத்தில் ஒலியில்லை. கைபேசியில் மின்னூட்டம் தீர்ந்துவிட்டதென்று பிறகு சொன்னாய். போகட்டும்.

நானே முயன்றேன். தொடக்கம், முடிவு ஆகிய இரு பத்திகளையும் தேர்ந்தெடுத்தேன். அவற்றின் பண்புகளைத் திறந்தேன். அங்கே 'பூட்டு' என்றொரு சொல், அதன் அருகே ஒரு சிறு பெட்டி, அதில் ஒரு சரிக்குறி. பூட்ட வேண்டுமானால் பெட்டியை அழுத்த வேண்டும்; அழுத்தினேன். சரிக்குறி போய்விட்டது. பூட்டிக்கொண்டது போலும் என்று மகிழ்ந்தேன். பிறகு தாள் முழுமைக்கும் பாதுகாப்பை இட்டுக் கடவுச்சொல்லும் வைத்துவிட்டு, வாகை சூடியவனாய் உணவருந்தச் சென்றேன். முதல் கவளம் வாயருகே போகும்போது வழக்குரைஞர் அழைத்தார்.

"தலைவரே, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? என் பேர என்னால எழுத முடியல. ஆனா நீங்க எத்தன மணிக்குப் பேசணும்னு என்னால மாத்த முடியுது!"

"மாத்திடாதீங்க!" என்று அலறினேன்.

"மாத்திட்டேன். இப்ப நீங்க காலைல ஆறு மணிக்குப் பேசறீங்க."

எதைப் பூட்ட வேண்டுமோ அது திறந்து கிடக்க, எதைத் திறக்க வேண்டுமோ அது பூட்டிக் கிடந்தது. உன்னை இரண்டாம் முறை அழைத்தேன். அப்போது நீ சொன்னதை நான் சொல் மாறாமல் குறித்து வைத்திருக்கிறேன்: "அத்தான், எல்லாக் கட்டமும் பொறக்கும்போதே பூட்டோடதான் பொறக்குது. ஆனா ஷீட்ட ப்ரொடெக்ட் பண்ற வரைக்கும் அந்தப் பூட்டு வேல செய்யாது."

மைத்துனா, இருமுறை படித்தேன், மும்முறை படித்தேன். கேட்கிறேன்: பூட்டாத பூட்டுக்குப் பூட்டென்று பெயரா? திறந்திருக்கும்போது பூட்டியிருப்பது, பூட்டியபின் திறக்காதது, திறக்க வேண்டுமானால் பூட்டுவதற்கு முன்பே திறந்து வைக்க வேண்டியது. இது பூட்டா, தத்துவமா? உலகில் நான் கண்ட பூட்டுகள் எல்லாம் ஒன்று பூட்டும், அல்லது துருப்பிடிக்கும். மூன்றாவது நிலையொன்று இருப்பதாக எனக்கு யாரும் சொன்னதில்லை. உன் அக்காவிடம் கேட்டேன். "பஸ் நிக்கறதும் பஸ் கிளம்பத் தயாரா நிக்கறதும் வேற வேற தானே, அது மாதிரி" என்றாள். எனக்கு அதுவும் விளங்கவில்லை. ஆனால் அவளுக்கு விளங்கிவிட்டது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அது எனக்குச் சற்று அச்சத்தைத் தந்தது.

எப்படியோ, நீ சொன்னபடி வரிக்கு வரி செய்து, இம்முறை நேராகவே பூட்டிவிட்டேன். வாய்பாடுகள் உள்ளே, சொற்பொழிவாளர்கள் வெளியே. எல்லோரும் தம் வரிசையைத் திருத்தலாம், ஒருவரும் காலத்தைத் தொடக்கூடாது. தொடக்கத்தின் மேல் விரல் வைத்த முற்றுப்புள்ளியை விரிதாளே கண்டித்தது என்று கேள்விப்பட்டு அன்று முழுவதும் பாடிக்கொண்டே இருந்தேன். மேலே இருந்த கட்டம் 'மீதி: 20' என்று காட்டியது. உன் அக்காவுக்குப் பத்து போனாலும் இன்னும் பத்து மிச்சம்!

"இப்போது நீ எழுதலாம்" என்று அவளை அழைத்தேன். எல்லோரும் எழுதி முடிக்கட்டும் என்று அவள் அதுவரை பொறுத்திருந்தாள். கடைசிப் பேருந்தை அனுப்பிவிட்டுத்தான் இருக்கையை விட்டு எழுவது அவள் பணிப்பழக்கம். கை துடைத்துக்கொண்டு வந்து அமர்ந்தாள். அட்டவணையின் கடைசி வரிசைக்குக் கீழே தன் பெயரைத் தட்டினாள். தாள் மறுத்தது. மீண்டும் தட்டினாள். 'பாதுகாக்கப்பட்டுள்ளது' என்றது. புதிய வரிசை சேர்க்க முயன்றாள். அசையவில்லை. நான் பாதுகாப்பு இட்டபோது 'வரிசை சேர்க்க இசைவு' என்ற பெட்டியில் என் கையாலேயே சரிக்குறி இட்டிருந்தேன், மைத்துனா! இசைவு தந்தபின் ஏன் இடம் தரவில்லை? "வருக வருக" என்று வாயிலில் எழுதி வைத்துவிட்டுக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டதல்லவா இது?

உன் அக்கா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, மிக அமைதியாக, "யாருக்காகப் பூட்டுனீங்க?" என்று கேட்டாள்.

"உனக்காகத்தான்!"

"நான் வெளியில நிக்கறேனே."

எழுந்து கைபேசியைத் தேடினேன்.

மூன்றாம் முறை உன்னை அழைத்தேன். "டேபிள்னு ஒண்ணு, ஷீட்டுனு ஒண்ணு இருக்கு அத்தான். ஷீட்டப் பூட்டிட்டா டேபிள் தானா வளராது. அதுக்கு மூணு வழி இருக்கு" என்றாய். மூன்று வழி என்றதும் உள்ளம் குளிர்ந்து, உன்னைப் பெற்றோரையும், உனக்குக் கணிதம் கற்பித்தோரையும் வாழ்த்தத் தொடங்கினேன். வாழ்த்து முடிந்தபோது நீ, "...இதான் அத்தான் மூணாவது வழி, ஃபோன வெக்கட்டுமா?" என்றாய். மற்ற இரண்டும் எவை, அந்த மூன்றாவதுதான் எது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்க நாணமாக இருந்தது; ஆதலால்தான் இப்போது மடலில் கேட்கிறேன்.

வழி தெரியாவிட்டால் என்ன, கடவுச்சொல் தெரியுமே! பாதுகாப்பை நீக்கி, அவளுக்கு ஒரு வரிசை சேர்த்துவிட்டு, மீண்டும் பூட்டினால் போயிற்று என்று எழுந்தேன். அன்று மாலை செயற்குழு. அதை முன்னறிவித்துவிட்டுச் செய்வதே நேர்மை என்று நான் சொன்னதும், வழக்குரைஞர் எழுந்தார். "தலைவர் வீட்டம்மாவுக்கு மட்டும் பூட்டத் திறக்கறதுன்னா, சாவி எங்க எல்லாருக்கும் தெரிய வேண்டாமா?" என்றார். மைத்துனா, நான் எதையும் பொறுப்பேன். என் நேர்மையின் மேல் நிழல் விழுந்தால் பொறுக்கமாட்டேன். ஒலிவாங்கியைக் கையில் எடுத்தேன். "மறைவென்று ஒன்று நம் அவையில் இல்லை! ஒளிவு நம் மொழியில் இல்லை! இதோ, அந்தக் கடவுச்சொல்!" என்று முழங்கி, எழுத்தெழுத்தாக அதை அறிவித்தேன். எழுத்துகளுக்கிடையே கைதட்டல் எழுந்தது. இரண்டாவது முறையும் சொல்லுமாறு பின் வரிசையிலிருந்து கேட்டார்கள். குறித்துக்கொள்கிறார்கள் என்று அறியாமல், பாராட்டுகிறார்கள் என்று எண்ணி மீண்டும் சொன்னேன்.

வீடு வந்து சேர்வதற்குள் விரிதாள் சூறையாடப்பட்டிருந்தது. வழக்குரைஞரின் முப்பது நிமிடம் அறுபதாகியிருந்தது. பல் மருத்துவர் 'இடைச்செருகல்' என்ற பெயரில் ஒரு வரிசை சேர்த்திருந்தார். முற்றுப்புள்ளியோ மூன்று வரிசைகள் சேர்த்து, அவற்றில் ஒன்றுக்கு 'நன்றியுரைக்கு ஒரு முன்னுரை' என்று தலைப்பிட்டிருந்தார். கூட்டம் முடியும் நேரம் இரவு எட்டே கால் என்று காட்டியது. முந்தைய நாளின் படியை மீட்டெடுத்தேன். அதை மட்டும் உன் அக்கா செய்து கொடுத்தாள். புதிய கடவுச்சொல் ஒன்றை வைத்தேன். இனி எவர்க்காகவும், எதற்காகவும், என் வீட்டார்க்காகவும் இந்தப் பூட்டைத் திறவேன் என்று செயற்குழுவுக்குச் செய்தி அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான், முந்தைய நாளின் படியில் உன் அக்காவின் வரிசை இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

"பரவால்ல, இன்னொரு செய்தி அனுப்பி, முன்ன சொன்னத வாபஸ் வாங்கிக்கோங்க" என்றாள்.

"சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுவதா? நானா?"

"அப்ப பத்து நிமிஷம்?"

"மீதி இருபது இருக்கிறதே! வரிசை இல்லாவிட்டால் என்ன, நேரம் இருக்கிறது. அந்நேரத்தில் நீ எழுந்து பேசு."

அவள் கணிப்பொறியை மூடிவிட்டு எழுந்து போனாள். அதை இசைவென்று எடுத்துக்கொண்டேன். இருபத்திரண்டு ஆண்டு இல்லறத்தில் நான் திரும்பத் திரும்பச் செய்யும் பிழை இதுதான் என்று நீயே ஒருமுறை சொல்லியிருக்கிறாய்.

இங்கேதான், மைத்துனா, என் அறிவு முற்றிலும் கலங்கிப்போன இடம் வருகிறது. அன்றிலிருந்து நாலாபுறமும் பூட்டு. ஒரு கட்டத்தையும் ஒருவரும் தொட இயலாது. ஒரே ஒரு வரிசையை மட்டும் திறந்து வைத்தேன்: தலைமையுரை. அதில் தவறென்ன? தலைவன் என்பவன் பிறர் சொல்வதற்கெல்லாம் மறுமொழி கூறக் கடமைப்பட்டவன். வழக்குரைஞர் தம் தலைப்பை 'பேச்சால் பயன் உண்டா?' என்று மாற்றப்போவதாகச் செய்தி வந்தது. அதற்கு விடை சொல்ல ஒரு பத்து நிமிடம் கூட்டினேன். பல் மருத்துவர் அதை ஆதரிக்கப்போவதாகத் தெரிந்தது, அதற்கொரு பத்து. பிறகு, இருவர்க்கும் விடை சொன்னபின் இருவரையும் மன்னிக்க வேண்டுமே; மன்னிப்புக்கு ஒரு பதினைந்து. நாற்பதாக இருந்தது எழுபத்தைந்து ஆயிற்று. அவ்வளவே. ஒவ்வொன்றும் ஞாயமான கூட்டல். ஆனால் நேற்றுக் காலை திறந்து பார்த்தால், மேலே 'மீதி: -15' என்று காட்டுகிறது!

யார் செய்த சூது இது? வாய்பாட்டை எவனோ கெடுத்துவிட்டான் என்றே முதலில் ஐயுற்றேன். எண்ணுக்கு முன்னே அந்தச் சிறு கோடு அழுக்கோ என்று திரையைத் துடைத்தும் பார்த்தேன். உன் அக்கா வந்து பார்த்தாள்.

"மைனஸ் பதினஞ்சு. அப்படின்னா, நான் பேச ஆரம்பிக்கறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடியே லைட்ட அணைச்சிருப்பாங்க."

"யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள்!"

"எல்லா வரிசையும் பூட்டியிருக்கு. ஒரு வரிசை மட்டும் திறந்திருக்கு. அது யாரு வரிசைங்க?"

"தலைமையுரை. ஆனால் அது பொறுப்பின் பொருட்டு..."

"யாரும் உள்ள புகல" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கோபிக்கவில்லை. எழுதி வைத்திருந்த தாள்களை நான்காக மடித்து, இழுப்பறையில் அளவுநாடாவுக்கும் பழைய மூக்குக் கண்ணாடிக்கும் நடுவே வைத்ததை மட்டும் நான் பார்த்தேன்.

ஆகவே, அருமை மைத்துனா, உன்னிடம் கையேந்திக் கேட்கிறேன். பூட்டினால் அவள் வெளியே நிற்கிறாள். திறந்தால் ஊரே உள்ளே வருகிறது. காலம் அசையக்கூடாது, ஆனால் வரிசை வளர வேண்டும். வாய்பாடு கல்லாக இருக்க வேண்டும்; அட்டவணை கொடியாகப் படர வேண்டும். இவ்விரண்டும் ஒரே தாளில் வாழ வழி உண்டா? உண்டென்றால், நீ அன்று சொன்ன மூன்று வழிகளையும், நான் குறுக்கே வாழ்த்த இயலாதவாறு, எழுத்தில் எழுதி அனுப்பு. எவராலும் உடைக்க இயலாத பூட்டாக, எவர் கெஞ்சினாலும் இளகாத பூட்டாக, ஒலிவாங்கி முன் நின்றாலும் வாயில் வராத கடவுச்சொல்லாக ஒன்று சொல்லிக் கொடு. அவளுடைய பத்து நிமிடத்தை நான் காத்துத் தர வேண்டும். காலம் குறைவு, என் சொல்லைப்போல் நீளாது.

உன் இல்லத்தில் எல்லா நலமும் எல்லா வளமும் தங்குக; பிள்ளைகள் கல்வியில் ஓங்குக; அவர்களுள் ஒருவரேனும் நாவன்மை பெறுக; பெறாவிட்டாலும் விரிதாள் வன்மை பெறுக; உன் முதுகு நிமிர்க. உன் துணைவிக்கு என் அன்பைச் சொல். உன் அக்காவும் அன்பைச் சொல்லச் சொன்னாள் என்று எழுத விழைகிறேன், கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

என்றும் உன் நலம் விழையும்
அத்தான்

பின்குறிப்பு: இம்மடலை அனுப்புமுன் பிழை பார்த்துத் தருமாறு உன் அக்காவிடம் கொடுத்தேன். முழுவதும் படித்தாள். இரண்டு இடத்தில் சிரித்தாள். அவை நான் சிரிப்புக்காக எழுதிய இடங்கள் அல்ல. பிறகு, "இதெல்லாம் தம்பிகிட்ட காலைலயே கேட்டுட்டேனே" என்றாள். பதினொரு நிமிடத்திலேயே நீ அவளுக்கு மூன்று வழிகளையும் சொல்லி முடித்தாயாமே! எனக்கு மூன்று அழைப்பில் சொல்ல இயலாததை அவளுக்கு எப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "நான் ஒண்ணும் பேசலைங்க, கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்கிறாள்.

எழுதும் அட்டவணை ஒரு தாளில், எல்லோர்க்கும் திறந்து கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் வரிசை சேர்க்கலாம். நேரக் கணக்கு வேறொரு தாளில், தனியே பூட்டிக் கிடக்கிறது. நிமிடக் கட்டத்தில் எண்ணைத் தவிர எதை எழுதினாலும் அது ஏற்பதில்லையாம். வரவேற்புரை முடிந்ததும் முதல் வரிசை அவளுடையது: இரண்டு பத்து முதல் இரண்டு இருபது வரை. செயற்குழுவினர் ஒவ்வொருவரிடமும் தானே பேசி இசைவு வாங்கிவிட்டாள். வழக்குரைஞர்தான் முதலில் இசைந்தாராம். 'கேட்க வந்தவர்கள் பேசும் நேரம்' என்று முப்பத்தெட்டு நிமிடத்திற்கு ஒரு புதிய வரிசையும் சேர்த்திருக்கிறாள். மீதி: 0. தலைமையுரையைத் தேடித் தேடிப் பார்த்தேன். நன்றியுரைக்கும் பின்னால், ஐந்து நாற்பத்தெட்டு முதல் ஆறு வரை, பன்னிரண்டு நிமிடம். அதை மட்டும் என்னால் அசைக்க முடியவில்லை. அந்த வரிசையை மட்டும் கணக்குத் தாளுக்குக் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டாளாம். கேட்டால், "ஊரையெல்லாம் தொறந்து விட்டுட்டேன். பூட்டு ஒரே ஒரு எடத்துக்குத்தாங்க தேவப்பட்டுச்சு" என்கிறாள்.

ஆதலால், மேலே 'பூட்டுவது எப்படி' என்று நான் கேட்டிருக்கும் இடங்களையெல்லாம் 'திறப்பது எப்படி' என்று திருத்திப் படித்துக்கொள். அவள் வைத்த கடவுச்சொல் உனக்குத் தெரிந்திருக்கும். விடையை வீட்டு முகவரிக்கு அனுப்பாதே. பல் மருத்துவரின் மருத்துவமனைக்கு அனுப்பு.

ஒரு செய்தி. சற்று முன், இழுப்பறையிலிருந்து அந்தத் தாள்களை எடுத்து விரித்து, சமையலறையில் தனியாக நின்று பேசிப் பார்த்தாள். நான் கதவுக்கு இப்பால் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். ஒன்பது நிமிடம் ஐம்பத்தைந்து நொடி. பேருந்தைத் தவறவிட்டவர்கள் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, அறிவிப்பவளின் கண்ணாடி அறையைத்தான் பார்க்கிறார்கள், அவள்தான் அனுப்பிவிட்டாள் என்பதுபோல, என்று ஓர் இடத்தில் சொல்கிறாள். அவள் முடித்த பிறகு ஒரு முழு நிமிடம் நான் எதுவுமே பேசவில்லை. அந்த ஒரு நிமிடத்தை என் பன்னிரண்டோடு சேர்த்துப் பதின்மூன்றாக்கித் தருமாறு நீயாவது அவளிடம் எடுத்துச் சொல்.